கையில காசு, வாயில தோசை: நாய்க்குட்டிக்குத் தீனி கொடுத்துப் பழக்குவது எப்படி?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. பத்து வார லேப்ரடார் குட்டி, எடை 5 கிலோ. பிஸ்கட்டைக் காட்டினால் உட்காருகிறது, ஓடி வருகிறது. கையில் ஒன்றுமில்லை என்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தீனி கொடுத்துக் கெடுத்துவிட்டோமா? எதை, எவ்வளவு கொடுக்கலாம்? ஆயுசு முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? போதாததற்கு, பாட்டி சாப்பாட்டு மேசைக்கு அடியில் தனியாக ஊட்டிக்கொண்டிருக்கிறார்.

குட்டி கெடவில்லை. சொல்லிக் கொடுத்ததை அச்சுப் பிசகாமல் கற்றிருக்கிறது. நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது ‘உட்கார்’ என்று சொல்லிக் கொடுத்ததாக. அது கற்றதோ ‘பிஸ்கட் தெரிந்தால் உட்கார்’ என்பதை. வேலைக்கு முன்னால் காட்டினால் அது லஞ்சம், வேலை முடிந்ததும் கொடுத்தால் கூலி. லஞ்சத்துக்குப் பழகியவர் கவரைப் பார்க்காமல் கோப்பைத் தொடுவாரா? இதைச் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் போதும். அதற்கு முன் தீனிக் கணக்கைப் பார்த்துவிடலாம். வீடுகளில் முதலில் தப்புவது அதுதான்.

நாய்க்கு ஒரு நாளுக்குத் தேவையான கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகப் போகக் கூடாது. மீதி ஒன்பது பங்கும் சத்துச் சமநிலை உள்ள சாப்பாடாக இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கு இப்படி: கிலோ கணக்கிலான எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70ஆல் பெருக்கினால் ஓய்வு நிலைத் தேவை கிடைக்கும். நான்கு மாதத்துக்குள் இருக்கும் குட்டிக்கு அதைப்போல் மூன்று மடங்கு. 5 கிலோ குட்டிக்கு 234 கலோரி, மூன்று மடங்கு 700. அதில் பத்தில் ஒன்று 70 கலோரி. ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் ஏறக்குறைய 5 கிராம் எடை, இருபது கலோரிக்கு மேல். மூன்று பிஸ்கட்டில் அன்றைய கணக்கு தீர்ந்தது. கூடவே சர்க்கரையும் மைதாவும். தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமுக்குச் சுமார் 165 கலோரி. அதே 70 கலோரிக்கு 40 கிராம் கறி கிடைக்கும். அதை அரை கிராம் துண்டுகளாக நறுக்கினால் எண்பது துண்டு. மூன்று முறை பழக்குவதா, எண்பது முறை பழக்குவதா என்பதுதான் பிஸ்கட்டுக்கும் கோழிக்கும் உள்ள வித்தியாசம்.

துண்டு கொண்டைக்கடலையைவிடப் பெரிதாக வேண்டாம். பொட்டுக்கடலை அளவு இருந்தாலும் குட்டிக்குச் சந்தோஷம்தான். அது எண்ணிக்கையைப் பார்க்கிறதே தவிர எடையைப் பார்ப்பதில்லை. மெல்ல வேண்டிய அளவுக்குப் பெரிதாக இருந்தால், மென்று முடித்து, தரையில் சிந்தியதை நக்கி, தலை நிமிர்வதற்குள் எதற்காகக் கொடுத்தீர்கள் என்பது மறந்துபோகும். நாக்கில் பட்டதும் விழுங்கும்படி மெத்தென்று இருப்பதுதான் நல்ல தீனி.

கோழியை உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் 10 முதல் 12 நிமிடம் வேகவைத்து, ஆறியதும் நறுக்குங்கள். வாரத்துக்கு 280 கிராம் ஆகும். 40 கிராம் பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, முந்தின நாள் இரவே ஒன்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். உருகியதை மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே எடுத்த கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. காலையில் இடுப்புப் பையில் போட்டதை மாலையில் எடுத்துக் கொடுத்தால் இரவு முழுக்கப் பேதிதான்.

எல்லா வேலைக்கும் கோழி தேவையில்லை. வீட்டுக்குள் பழகிய வேலைக்கு அதன் அன்றாட உலர் தீவனமே போதும். குட்டிக்கு நாளைக்கு 190 கிராம் தீவனம் என்றால், காலையிலேயே 50 கிராமை ஒரு டப்பாவில் தனியே எடுத்து வையுங்கள். அது சாப்பாட்டின் பகுதி என்பதால் பத்து விழுக்காட்டுக் கணக்கில் வராது. தீவனம் சம்பளம், கோழி போனஸ். தீபாவளி போனஸ் என்று ஒன்று தனியாக வேண்டும்: வேகவைத்த கோழி ஈரல் அல்லது நெத்திலி. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி, ஆகவே தினமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், நாலைந்து சிறு துண்டு. நெத்திலியைப் பொறுத்தவரை கடலூர்க்காரர்களுக்கும் புதுச்சேரிக்காரர்களுக்கும் குறையே இல்லை. பச்சை நெத்திலியாக வாங்கி, தலையைக் கிள்ளி, எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறு தீயில் ஈரம் வற்றும்வரை வாட்டுங்கள். கருவாடு வேண்டாம், அத்தனையும் உப்பு. கழுவினாலும் முழுக்கப் போகாது. புதிதாக எதைத் தொடங்கினாலும் ஒன்று ஒன்றாக, இடையில் இரண்டு நாள் விட்டுத் தொடங்குங்கள். மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் வயிறு எதனால் போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

கொடுக்கவே கூடாதவற்றில் சாக்லேட்டைப் பலருக்கும் தெரியும். நம் சமையலறையில் அதைவிட அபாயமானவை உண்டு. கேசரி, பாயசம், சர்க்கரைப் பொங்கல், பேக்கரி பன் ஆகியவற்றில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று கால்நடை நச்சியல் நிபுணர்கள் இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியிலும் உண்டு; புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதித்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே புளியோதரை, வத்தக்குழம்புச் சோறு எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. சாம்பாரில் தோய்த்த இட்லி பாட்டியின் கணக்கில் பாசம். அதில் வெங்காயம், புளி இரண்டும் இருக்கின்றன. சமைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி மிகச் சிறிய அளவிலேயே ரத்தச் சர்க்கரையை மடமடவென இறக்கும். இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இனிப் பழக்கும் முறை. ‘கையில காசு, வாயில தோசை’ என்பார்களே, அதுதான் இதில் மொத்தச் சூட்சுமமும். குட்டி சரியானதைச் செய்த ஒரு விநாடிக்குள் கூலி வாயில் விழ வேண்டும். மூன்று விநாடி கழிந்தால், அந்த மூன்றாம் விநாடியில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதற்கான கூலியாகிவிடும். உட்கார்ந்தது, நீங்கள் டப்பாவைத் திறப்பதற்குள் எழுந்து குரைத்தது, கொடுத்தீர்கள். குரைத்ததற்குக் கொடுத்தீர்கள் என்றுதான் அர்த்தம்.

கை அவ்வளவு வேகமாகப் போகாது என்பதால் நடுவில் ஒரு ஒலியை வைத்துக்கொள்கிறோம். செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்கள், சாப்பாட்டுக்கு முன்னோடியாக வந்த ஒலிக்கே எச்சில் ஊறின. அதே கதைதான். ஒலி குட்டையாக, எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அழுத்தினால் ‘டக்’ என்று ஒலிக்கும் கிளிக்கர் வாங்கலாம், நாக்கால் ‘டக்’ என்று ஒலி எழுப்பினாலும் போதும். ‘சரி’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ் வீட்டில் அது ஃபோனில் மட்டுமே ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஒலிக்கும். முதல் நாள் குட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை. ‘டக்’, உடனே ஒரு துண்டு. பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. குட்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘டக்’ என்றால் தலை சட்டென்று உங்கள் பக்கம் திரும்புகிறதா? திரும்பினால் நாணயம் செல்லுபடியாகிவிட்டது. இனி ‘டக்’ என்ற பிறகு துண்டு போகாமல் இருக்கவே கூடாது, தவறி ஒலித்திருந்தாலும்.

உட்கார வைக்க முதலில் தரையைப் பாருங்கள். வழவழப்பான டைல்ஸில் குட்டியின் பின்னங்கால் வழுக்கும். ஒரு சாக்கோ கோரைப்பாயோ போடுங்கள். துண்டை விரல்களுக்கு இடையில் பிடித்து மூக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வைத்து, தலைக்கு மேலாக வால் பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் பின்புறம் தானாகக் கீழே வரும். தரையைத் தொட்ட அதே கணம் ‘டக்’, துண்டு. குட்டி எம்பிக் குதித்தால் கை உயரமாக இருக்கிறது என்று பொருள். பின்னாலேயே நகர்ந்து போனால் கை வேகமாகப் போகிறது. சுவர் ஓரமாக நிற்கவைத்துச் செய்தால் பின்னால் போக இடமிருக்காது. இடுப்பைப் பிடித்து அமுக்காதீர்கள். அமுக்கினால் எதிர்த்து நிமிரத்தான் செய்யும், வளரும் மூட்டுக்கும் நல்லதல்ல.

உங்கள் கேள்விக்கான மருந்து இங்கேதான். துண்டு பிடித்த கையோடு ஐந்து முறைதான், அதற்கு மேல் வேண்டாம். ஆறாவது முறை கையைக் காலியாக வைத்துக்கொண்டு, துண்டு இருப்பதுபோலவே விரல்களைக் குவித்து அதே அசைவைச் செய்யுங்கள். குட்டி ஏமாந்து உட்காரும். ‘டக்’ என்றுவிட்டு, முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுங்கள். காலிக் கைக்கு உட்கார்ந்தாலும் எங்கிருந்தோ கூலி வருகிறது என்று அதற்கு விளங்கும் இடம் இதுதான். இந்தப் படியைத் தாண்டாமல் மாதக்கணக்கில் பிஸ்கட்டைக் காட்டிக்கொண்டே இருப்பதால்தான் ‘எங்க நாய் தீனி இருந்தாத்தான் கேட்கும்’ என்ற புலம்பல் எல்லா வீட்டிலும் கேட்கிறது. இடுப்பில் பை, கையில் டப்பாச் சத்தம், இவைகூட ‘காட்டுவது’தான், குட்டி மூட்டை முடிச்சை வைத்தே கணித்துவிடும். ஆகவே மூடியுள்ள சிறு டப்பாக்களை ஹாலில், பால்கனியில், கழிப்பறை வாசலில், எட்டாத உயரத்தில் இடத்துக்கொன்றாக வைத்துவிட்டு வெறுங்கையோடு உலவுங்கள்.

சொல்லைக் கடைசியில் சேர்க்க வேண்டும். கை அசைவுக்கு ஐந்தில் நான்கு முறை உட்காரத் தொடங்கிய பிறகு, முதலில் சொல், ஒரு விநாடி இடைவெளி, அப்புறம் கை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் நாய் கையை மட்டும் பார்க்கும், சொல் காதில் ஏறாது. வீட்டில் அப்பா ‘சிட்’, அம்மா ‘உக்காரு’, பிள்ளைகள் ‘சிட் டவுன்’ என்றால் குட்டி மூன்று மொழி படிக்க வேண்டியிருக்கும். ஒரே சொல்லை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். ஒரு தடவைக்கு மேல் சொல்லவும் வேண்டாம். ‘உக்காரு உக்காரு உக்காரு’ என்று பழகினால் மூன்றாவது ‘உக்காரு’தான் அதற்குக் கட்டளை.

ஒரு வேளை என்பது இரண்டு மூன்று நிமிடம், பத்துப் பன்னிரண்டு முறை. நாளைக்கு நான்கைந்து வேளை, சாப்பாட்டுக்கு முன்னால். ஐந்தில் நான்கு சரியென்றால் கொஞ்சம் கடினமாக்குங்கள். ஐந்தில் இரண்டுதான் என்றால் ஒரு படி இறங்குங்கள். ஹாலில் வந்தது மொட்டை மாடியில் வராது, மாடியில் வந்தது தெருக் கேட்டில் வராது. நாய்க்கு இடம் மாறினால் பாடமே புதிது. திமிர் என்று திட்ட இதில் ஒன்றுமில்லை.

தீனியைப் பயன்படுத்துவதில் மிக நுணுக்கமான பிழை, இரண்டு வேலைகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்வது. குட்டி மேலே தாவுகிறது, ‘உக்காரு’ என்கிறீர்கள், உட்காருகிறது, கொடுக்கிறீர்கள். இரண்டே வாரத்தில் அது கற்பது: தாவு, உட்கார், தின். உட்கார வேண்டுமானால் முதலில் தாவ வேண்டும் என்று அதன் கணக்கு. கேட்டில் குரைக்கும் நாயைத் தீனி காட்டி உள்ளே அழைப்பதும் இதே ரகம்: குரை, வா, தின். தாவுவதற்கு முன்பே, நான்கு காலும் தரையில் இருக்கும்போதே ‘டக்’ என்று முந்திக்கொள்வதுதான் இதற்கு வழி. பிந்திவிட்டால் உட்கார்ந்த பிறகு மூன்று விநாடி பொறுத்து, இன்னும் இரண்டு சின்ன வேலை வாங்கிவிட்டுக் கொடுங்கள். தாவலுக்கும் தீனிக்கும் நடுவில் தூரம் கூட வேண்டும்.

சிறுநீர்ப் பழக்கத்திலும் இதே நேரக் கணக்குதான் காலை வாரும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் கீழே தூக்கிக்கொண்டு போகிறீர்கள். அது போய் முடித்த பிறகு வீட்டுக்குள் வந்து தீனி கொடுக்கிறீர்கள். வீட்டுக்குள் வந்ததற்குக் கூலி! அதனால் பாதி போய்விட்டு உள்ளே ஓடிவந்து மீதியைப் பாயில் முடிக்கும். கையோடு துண்டை எடுத்துப் போய், முடித்த இடத்திலேயே, முடித்த இரண்டு விநாடிக்குள் கொடுங்கள். பாதியில் கொடுத்தால் பாதியில் நிறுத்திவிடும், அதுவும் வேண்டாம்.

கூப்பிட்டால் வருவதற்குத்தான் அந்தத் தீபாவளி போனஸ். ஈரலும் நெத்திலியும் வேறெதற்கும் கிடையாது. ‘வா’ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். நம் வீட்டில் விருந்தாளி, பால்காரர், பிள்ளை எல்லோருக்கும் அதே ‘வா’தான். விசிலோ, வேறெங்கும் புழங்காத ஒரு சொல்லோ எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் நான்கு மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்து மாறி மாறி அழையுங்கள். வந்ததும் முதலில் கழுத்துப் பெல்ட்டைத் தொட்டுப் பிடித்து, பிறகு கொடுங்கள். இல்லையென்றால் கழுத்தை நீட்டிக் கவ்விக்கொண்டு ஓடுகிற வித்தையைக் கற்றுவிடும். கொடுத்ததும் மறுபடி விளையாட விடுங்கள். பத்து அழைப்பில் குறைந்தது ஒன்பது இப்படி முடிய வேண்டும். குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் திட்டவும் கூப்பிடாதீர்கள், நீங்களே போய்த் தூக்கி வாருங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை போன்ற திறந்த இடத்தில் பத்து மீட்டர் கயிற்றை உடல் பட்டையில் (ஹார்னஸ்) மாட்டித்தான் பழக்க வேண்டும். கழுத்தில் மாட்டினால் ஓடிய வேகத்தில் கழுத்து வெட்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை கண்ணால் கண்டதைத் துரத்தும் இனங்கள். ஆடு ஓடினால் எந்த ஈரலும் தோற்கும். கயிற்றை அவிழ்க்கும் அவசரம் வேண்டாம்.

ஆனால் உங்கள் பத்து வாரக் குட்டியை இப்போது கடற்கரையில் இறக்கவே கூடாது. தடுப்பூசி வரிசை ஏறக்குறைய 16 வாரம் வரை போகும். அதற்குள் தெருநாய்கள் புழங்கும் மண்ணில் கடும் வாந்தி பேதி தரும் பார்வோ கிருமி தொற்றலாம். அதற்காக வீட்டிலேயே அடைத்தும் வைக்க முடியாது, ஊரைப் பார்த்துப் பழகும் வயது மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரைதான். நடுவழி, தோளில் தூக்கிப் போவது. மாலை 6 மணிக்கு மேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகள் வராது. மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அலை, பலூன்காரர், தொப்பி போட்ட போலீஸ்காரர், எதிரே வரும் நாய், எதைப் பார்த்தாலும் ஒரு துண்டு. பார்த்த பிறகு துண்டு. துண்டைக் கொடுத்துவிட்டுப் பார்க்க வைத்தால் துண்டைக் கண்டாலே என்னவோ வரப்போகிறது என்று மிரளும்.

வெடிச்சத்தத்துக்கும் இதே வரிசை. கார்த்திகை இடி மழைக்கும் தீபாவளிக்கும் பல வாரம் முன்பே, ஃபோனில் வெடியொலியைக் காதில் விழுந்தும் விழாத அளவுக்கு வையுங்கள். ஒலி, ஒரு விநாடி, கோழி. ஒலி நின்றால் கோழியும் நிற்கும். நாளுக்கு நாள் ஒலியைச் சற்றுச் சற்றாகக் கூட்டுங்கள். குட்டி வாங்கித் தின்ன மறுத்தால் சத்தம் அதிகம் என்று அது சொல்கிறது, இரண்டு படி குறையுங்கள். ‘பயப்படும்போது தீனி கொடுத்தால் பயம் வளரும்’ என்பார்கள். அப்படி வளராது. பயம் வேண்டுமென்று செய்கிற வேலை இல்லையே, கூலி கொடுத்துக் கூட்டுவதற்கு.

தீனியை மறுப்பதற்குப் பயம் மட்டுமே காரணம் என்றில்லை. வயிறு நிறைந்திருக்கலாம், பல் முளைக்கும் நான்கு முதல் ஆறு மாதத்தில் ஈறு வலிக்கலாம், கத்திரி வெயிலில் எந்த நாய்க்கும் பசிக்காது. மே மாதத்தில் காலை 7 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

விரலையும் சேர்த்துக் கடிக்கிறதென்றால் விரல் நுனியில் கொடுப்பதை நிறுத்தி, விரித்த உள்ளங்கையில் கொடுங்கள். முரட்டுத்தனமாகப் பாய்ந்தால் கையை மூடுங்கள், நக்கத் தொடங்கியதும் திறங்கள். தட்டில் தின்னும்போது கையை விட்டுக் கிளறி ‘யார் முதலாளி’ என்று காட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. உறுமும் நாயை உருவாக்க அதைவிட நல்ல வழி இல்லை. தட்டைக் கடக்கும்போது அதைவிட ருசியான ஒரு துண்டைத் தட்டில் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். செருப்பைக் கவ்வினாலும் பிடுங்க வேண்டாம், கோழித் துண்டுக்குப் பண்டமாற்று செய்யுங்கள்.

பாட்டியைத் தடுப்பது நடக்காத காரியம். அவரை வாத்தியாராக்குவது எளிது. அன்றைய எண்பது துண்டில் பதினைந்தை ஒரு கிண்ணத்தில் போட்டு அவரிடமே ஒப்படையுங்கள். மேசையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பாய், குட்டி அந்தப் பாயில் இருந்தால் மட்டும் பாட்டி அங்கே தூக்கிப் போடலாம். மேசைக்கடியில் ஒரு பருக்கைகூட இல்லை. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் முன்னால் குட்டி பாயில் போய் உட்கார்ந்திருக்கும். பாட்டி அதைத் தன் கைராசி என்பார், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆயுசு முழுக்கக் கொடுக்க வேண்டுமா என்றால், புதிய பாடத்துக்கு ஒவ்வொரு முறையும். வேரூன்றிய பிறகு இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, சில நாள் தொடர்ந்து மூன்று என்று கணிக்க முடியாதபடி. நடுவில் வேறு கூலிகளும் உண்டு: உட்கார்ந்தால் கதவு திறக்கும், உட்கார்ந்தால் பந்து பறக்கும். கூப்பிட்டால் வருவதற்கு மட்டும் கடைசிவரை கொடுத்துக்கொண்டே இருங்கள். லாரி வரும் சாலையில் ஒரு நாள் அது தேவைப்படும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள். நான்கு மாதம் கடந்ததும் மூன்று மடங்கு இரண்டு மடங்காகிவிடும். குட்டி 15 கிலோவைத் தொடும்போது நாள் தேவை ஏறக்குறைய 1,070 கலோரி, தீனிக்கு 107. கோழியில் 65 கிராம். உடம்பு மூன்று மடங்கு வளர்ந்தும் தீனி ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான் ஏறியிருக்கிறது. லேப்ரடார் குண்டாவதற்கு இந்த வயதில் கை தாராளமாவதும் ஒரு காரணம். துண்டின் அளவு மட்டும் மாறவே வேண்டாம், பொட்டுக்கடலை பொட்டுக்கடலையாகவே இருக்கட்டும்.